வலப்பக்க மெத்தை

அன்பும் மதிப்பும் மிக்க கேப்டன் அவர்களுக்கு,

கரையில் கட்டிக் கிடக்கும் நம் படகின் ஒரே மாலுமியும் ஒரே சமையல்காரியும் உங்கள் ஒரே மனைவியுமான நான் எழுதுவது. ‘இங்கே அனைவரும் நலம்’ என்று முதல் வரியில் எழுதிவிட்டு மற்றதைப் பிறகு சொல்வதுதான் என் வழக்கம். இந்தத் தடவை அந்த வரியைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். பயப்பட வேண்டாம், கடிதம் முடிவதற்குள் வந்துவிடும்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உங்கள் முகாமில் இருப்பது ஒரே போன். நான் ‘குழந்தைக்கு’ என்று தொடங்கும்போதே உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர் தொண்டையைக் கனைப்பது இங்கே கேட்கிறது. நீங்கள் எது கேட்டாலும் “ம், நல்லா இருக்கேன்” என்கிறீர்கள். நானும் அதையே சொல்லி வைத்துவிடுகிறேன். மலையைக் குடைந்து சுரங்கம் போடுகிற ஊரில் வாய்க்கு மட்டும் வழி இல்லை போலிருக்கிறது. ஆகவே சாமான் லாரியை நம்பி எழுதுகிறேன். லாரி தாமதமாக வந்தாலும் இடையில் கனைக்காது.

விஷயம் இதுதான். சில்வண்டுக்கு இருமல் நிற்கவே இல்லை. பகலெல்லாம் நன்றாக விளையாடுகிறாள். படுக்க வைத்தால் போதும், நெஞ்சுக்குள் விசில் ஊதத் தொடங்கிவிடுகிறது. பிறந்த அன்று அவள் போட்ட சத்தத்தைக் கேட்டு அந்தப் பேரை வைத்தது நீங்கள். இப்போது உள்ளுக்குள் நிஜமாகவே ஒரு சில்வண்டு உட்கார்ந்துகொண்டு கத்துகிறது. நான் அவள் முதுகில் காதை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். சத்தம் கேட்டால் பயம், நின்றுவிட்டால் அதைவிடப் பயம். என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே.

டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். பாலில் என்ன கலக்கிறேன், வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா என்றெல்லாம் கேட்டார். எங்கே தூங்குகிறாள் என்றார். படகில் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மெத்தைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான்கு வருஷமாக அதன்மேல் படுக்கிறோம், அடியில் என்ன இருக்கிறது என்று நாம் பார்த்ததே இல்லை.

வந்து தூக்கிப் பார்த்தேன். உங்களிடம் மறைப்பானேன், அப்படியே கீழே போட்டுவிட்டேன். மேலே பார்க்கத்தான் அது மெத்தை. அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், நடுவில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி பூத்திருக்கிறது. ஈரச் சாக்கின் நாற்றம். பலகையில் ஓர் ஓட்டைகூட இல்லை, காற்றுப் போக வழியில்லை. கீழே குளிர்ந்த தண்ணீர், மேலே நம் உடம்புச் சூடு. இத்தனை நாளும் நாம் தூங்க, மெத்தை நமக்குக் கீழே வியர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

உங்கள் அருமைத் தங்கைக்குச் சொல்லி அனுப்பினேன். பை தைக்கும் பட்டறையிலிருந்து அப்படியே வந்தாள். படகின் முன்னறைக்குள் தலையை நீட்டி ஒரு தடவை மூச்சை இழுத்தாள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பால் டப்பா. “வாங்க அண்ணி. படகு எங்கயும் ஓடிடாது. அதுக்கு எஞ்சினே கிடையாது” என்றாள். எனக்கு அழுகை வருவதா சிரிப்பு வருவதா என்று இருந்தது. அந்த எஞ்சினுக்காகத்தானே நீங்கள் மலைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். இப்போது பட்டறைக்கு மேலே அவளுடைய அறையில் இருக்கிறோம். ஓர் அறைதான், ஆனால் பெரியது. ஜன்னல் இருக்கிறது. குழந்தை விழாமல் இருக்க ஜன்னலுக்குக் குறுக்கே நான் கட்டியிருக்கும் கயிறுகளைப் பார்த்துவிட்டு, மீன் பிடிக்கவா என்று கேட்டாள்.

குஷன் கடைக்காரரைப் படகுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். நல்ல மனிதர்தான், ஆனால் உயரமான மனிதர். உள்ளே நிமிரும்போதெல்லாம் தலையில் இடித்துக்கொண்டார். ஒவ்வொரு இடிக்கும் விலை ஏறியதாக எனக்குத் தோன்றியது. பழைய ஃபோம் எதுவும் தேறாது, எல்லாம் புதிதாகப் போட வேண்டும் என்றார். ஃபோம்தான் பெரிய செலவாம். அதற்குமேல் தண்ணீர் இறங்காத துணி, துருப்பிடிக்காத ஜிப், ஓரத்தில் உருட்டி வைத்துத் தைக்கிற பட்டி. பிறகு கூலி. வீட்டு சோபா என்றால் இதில் பாதிதான் ஆகும், படகு என்றால் அப்படி இல்லை என்றார். ஏன் என்று கேட்டேன். டேப்பை நீட்டி எனக்கே காட்டினார். “பாருங்கம்மா, இதுல ஒரு மூலைகூட மூலையா இல்ல.” முன்பக்கம் குறுகிக்கொண்டே போகிறது, பக்கவாட்டில் சாய்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தனி அளவு, தனி வெட்டு. அவர் சொல்வது நியாயம்தான். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. அநியாய விலையாக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சொல்லாமல் விட்டால் பிறகு, ஏன் சொல்லவில்லை என்பீர்கள். சொல்லிவிடுகிறேன். உங்கள் இரண்டு மாதச் சம்பளம். மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், நான் ஏதாவது வழி பார்க்கிறேன். உங்கள் தங்கையின் அறைக்கு வந்ததிலிருந்து விசில் குறைந்திருக்கிறது. நேற்று ஒரு தடவைகூட இருமவில்லை.

ஆகவே, தள்ளி வைத்த வரியை இப்போது எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம். நீங்கள் தூசிக்கு முகத்தில் துணி கட்டிக்கொள்கிறீர்களா? இங்கே ஒருத்தியின் நெஞ்சுக்குக் காது கொடுக்கவே என்னிடம் காது போதவில்லை.

அன்புடன்,
உங்கள் மாலுமி

* * *

அன்புள்ள கேப்டன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அதைப் படித்துவிட்டு அரிசி களைந்தேன், உலை வைத்தேன், துணி மடித்தேன். பிறகுதான் மறுபடி எடுத்துப் படிக்கத் தைரியம் வந்தது.

மெத்தைக்குப் பணம் வேண்டும் என்பதால் வேலையை நீட்டிக்கொள்ளப் போவதாக ஃபோர்மேனிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்து அவர்கள் எழுதிக்கொள்ள மாட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் ஏதோ பஸ் நேரம் சொல்வது மாதிரி. மெத்தையின் விலை இரண்டு மாதம். அதை வாங்க நீங்கள் கொடுப்பது ஆறு மாதம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். இதற்குக் கணக்கில் பட்டம் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

என் பெண் பழையதில் படுக்கக் கூடாது, முறையாகக் கடைக்காரரே செய்யட்டும், நீ ஊசியைத் தொட்டால் துணிக்கு முன்னால் விரல்தான் தைபடும் என்று எழுதியிருந்தீர்கள். முதல் பாதியைப் படித்தபோது உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பதில் இதுதான்: நாங்களே தைக்கப் போகிறோம்.

உடனே முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் மட்டும் இல்லை, உங்கள் தங்கையும் சேர்ந்துதான். பட்டறையில் தோள்பட்டை வாரையே துளைத்துத் தைக்கிற மெஷின் இருக்கிறது. விடுமுறை நாளில் அதை உபயோகித்துக்கொள்ள முதலாளி ஒப்புக்கொண்டார். எண்ணெயும் நூலும் நம் செலவு. யாரோ சொல்லிவிட்டு வாங்காமல் போன துணி ஒரு சுருள் அவரிடம் தேங்கிக் கிடந்தது. செங்கல் நிறம், கனமான துணி. பின்பக்கம் ரப்பர் பூசியிருக்கிறது, தண்ணீர் இறங்காது. இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று அடிமாட்டு விலைக்குத் தந்துவிட்டார். இரண்டு பக்க மெத்தைக்கும் சரியாக வரும், ஒரு சாண்கூட மிஞ்சாது. ஃபோமை மட்டும் குஷன் கடைக்காரரிடமே வாங்குகிறேன். டியூஷன் பிள்ளைகளின் பணம் அதற்குப் போதும். எஞ்சின் பணத்தில் கை வைக்கவில்லை. உங்கள் தங்கை துளைபோடும் கருவியை இரவல் வாங்கி வந்து பலகை முழுக்க ஓட்டை போட்டுத் தள்ளிவிட்டாள். இனி மெத்தை மூச்சு விடும். ஒரு கோபமும் இல்லாமல் யாராலும் இத்தனை ஓட்டை போட முடியாது. யார்மேல் என்று கேட்டேன். “உங்க புருஷன்மேலதான். ஒரு வார்த்தை கேக்காம ஆறு மாசம்னு சொல்லியிருக்கான்ல” என்றாள்.

இன்னொரு செய்தி. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சில்வண்டு தனியாக நிற்கிறாள்.

படகில் அவள் நின்றதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அங்கே எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். நம் முன்னறையில் இந்தப் பக்கத்து மெத்தைக்கும் அந்தப் பக்கத்து மெத்தைக்கும் நடுவில் இருக்கும் வழி அவ்வளவுதானே. ஒரு கை இங்கே, ஒரு கை அங்கே, அப்படியே தாவிப் போய்விடுவாள். அடி எடுத்து வைக்கவே தேவை இருந்ததில்லை. இங்கே அறை பெரியது, பிடிக்க ஒன்றும் இல்லை. நடுவில் நிற்கிறாள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கயிற்றின்மேல் நிற்பவள் மாதிரி. என்னைப் பார்க்கிறாள். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்கிறேன்.

கையெழுத்து மாதக் கடைசியில், கம்பெனி ஆள் வரும்போதுதான் என்று எழுதியிருந்தீர்கள். வாய்வார்த்தை வாய்வார்த்தையாகவே இருக்கட்டும். என் அடுத்த கடிதம் வரும்வரை பேனாவைத் தொடாதீர்கள். கேப்டனுக்கு மாலுமி உத்தரவு போடக் கூடாது என்று தெரியும். இது உத்தரவு இல்லை.

அன்புடன்,
பிளாஸ்டர் ஒட்டிய விரலால் எழுதும்
உங்கள் மாலுமி

* * *

என் அன்புக்குரிய கேப்டனுக்கு,

படகிலிருந்து எழுதுகிறேன். ஆம், திரும்பி வந்துவிட்டோம். குழந்தை எனக்குப் பக்கத்தில் புது மெத்தையில் படுத்திருக்கிறாள். விசில் இல்லை. மூச்சு வருகிறதா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்க்கிறேன், அது வேறு விஷயம்.

மெத்தை முடிந்துவிட்டது என்று ஒரே வரியில் எழுதி நிறுத்தியிருக்கலாம். ஆனால் உங்கள் தங்கை எப்படியும் ஒருநாள் உங்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

இடப்பக்கத்துப் பலகையின்மேல் செய்தித்தாளை விரித்து, ஓரம் ஓரமாக மடித்து, அளவு வெட்டியது நான். பின்னால் அகலம், முன்னால் குறுகல், வெளிப்பக்கம் சாய்வு. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, காகித அளவு நன்றாக வந்திருக்கிறது என்றார். அங்கேயே எனக்குத் தலை கனத்துவிட்டது. வலப்பக்கமும் இதே மாதிரிதானே, இன்னொரு தடவை எதற்கு அளவெடுக்க வேண்டும் என்று காகிதத்தை உங்கள் தங்கையிடம் கொடுத்து, இதில் இரண்டு வேண்டும் என்றேன்.

பை தைக்கும் பட்டறையில் எப்படி வெட்டுவார்கள் தெரியுமா? துணியை அடுக்கடுக்காக விரிப்பார்கள். எல்லா அடுக்கிலும் நல்ல பக்கம் மேலே இருக்கும். மேலே அளவை வைத்து ஒரே வெட்டு. எத்தனை அடுக்கோ அத்தனை துண்டு, எல்லாம் அச்சில் வார்த்தது மாதிரி. பைக்கு இடது வலது கிடையாது. அந்தப் பழக்கத்தில் அவள் இரண்டு அடுக்காக விரித்து ஒரே வெட்டாக வெட்டினாள். நான் காகிதத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு, பாட்டுவேறு முணுமுணுத்துக்கொண்டு நின்றேன்.

முதல் உறையைத் தைத்து, ஃபோமை நுழைத்து, படகுக்குத் தூக்கிக்கொண்டு வந்து இடப்பக்கத்தில் வைத்தோம். தோல் மாதிரி உட்கார்ந்தது. இரண்டு பேரும் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தோம். கடைக்காரருக்குப் போட்டியாகக் கடை திறப்பது பற்றிக்கூடப் பேசினோம். பிறகு இரண்டாவது துண்டை வலப்பக்கத்துப் பலகைமேல் விரித்தேன். சாய்வு வழிப்பக்கம் வந்தது. நேர் விளிம்பு படகுச் சுவரில் போய் முட்டியது. திருப்பிப் பார்த்தேன். இப்போது வடிவம் சரி, ஆனால் ரப்பர் பூசிய பின்பக்கம் மேலே வந்து நின்றது.

ஒரு ஜோடி செருப்பு கேட்டால் இரண்டு இடது காலையா கொடுப்பார்கள் என்று நான்தான் வாயை விட்டேன். அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

“நீங்க ஜோடின்னு சொல்லல அண்ணி. ரெண்டுன்னு சொன்னீங்க.”

சரிதானே. அப்போதும் அவள் விடவில்லை. காலேஜில் கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்டாள். சொன்னேன். அதை வெளியே எங்கும் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

சிரித்தோம். ஆனால் அவள் போன பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுருளில் துணி தீர்ந்துவிட்டது. அந்த நிறம் கடைக்காரரிடமும் கிடையாது. வலப்பக்கம் வெறும் பலகையாக, நீங்கள் எழுந்து போன மாதிரியே கிடந்தது. சில்வண்டு இந்தப் பக்கத்து மெத்தையைப் பிடித்துக்கொண்டு நின்று, வழக்கம்போல அந்தப் பக்கம் கையை நீட்டினாள். மெத்தை இருக்க வேண்டிய உயரத்தில் ஒன்றும் இல்லை. கையைக் காற்றில் ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு உங்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். சரி, கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று எழுதியும் விட்டேன். அந்தத் தாளை அனுப்பவில்லை. அதன் பின்பக்கத்தில்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன், திருப்பிப் பார்க்காதீர்கள்.

மறுநாள் டியூஷன் பிள்ளைகளுக்கு முக்கோணம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஒன்றை வரைந்து நடுவில் கோடு இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பிள்ளைகள் விடை மறந்துவிட்டதா என்றார்கள். மறந்ததுதான் ஞாபகம் வந்தது. தப்பாக வெட்டிய துண்டிலிருந்து சாய்வான பகுதியை மட்டும் தனியாக நறுக்கிவிட்டால் மிச்சம் நேரான நீளத் துண்டு. அதை எந்தப் பக்கம் போட்டாலும் ஒன்றுதான். நறுக்கிய முக்கோணத்தைச் சரியான இடத்தில் இன்னொரு வெட்டு வெட்டினால் இரு பக்கம் சமமான இரண்டு சின்ன முக்கோணம் வரும், அவற்றுக்கும் இடது வலது கிடையாது. ஒவ்வொன்றையும் இடம் மாற்றி ஒட்டினால், சாய்வு அந்தப் பக்கத்துக்குப் போய்விடும். நல்ல பக்கம் மேலேயே இருக்கும். செய்தித்தாளில் வெட்டி ஒட்டிப் பார்த்தேன், வந்துவிட்டது. பிள்ளைகளைச் சீக்கிரமே அனுப்பிவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். உங்கள் தங்கை காகிதத்தை முன்னும் பின்னும் பார்த்தாள். “மார்க்கை வெளிய சொல்லிக்கலாம் அண்ணி” என்றாள்.

ஆனால் அவசரக்காரிக்கு ஒரு குறையாவது வர வேண்டுமே. தையலுக்கு உள்ளே போகிற துணியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வெளிப்பக்க ஓரத்தில் இரண்டு விரல் அகலம் போதாமல் போனது. அதற்கு, தூக்கிப் போடாதே, தூக்கிப் போடாதே என்று நீங்கள் அடைகாத்து வைத்திருந்தீர்களே, அந்தக் காக்கிக் கால்சட்டை, அதில் ஒரு காலை வெட்டிப் பட்டியாகக் கொடுத்துவிட்டோம். இன்னொரு கால் பத்திரமாக இருக்கிறது. வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது இரண்டு பக்கமும் செங்கல் நிறத்தில் முன்னறை புதுப் பெட்டி மாதிரி இருக்கிறது. கடைக்காரரை அழைத்துவந்து காட்டினேன். தலையில் இடித்துக்கொண்டே பார்த்தார். இடப்பக்கத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்றார். வலப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, இதில் படுக்கப்போவது யார் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன். அவருக்குத் தையல் உறுத்துமே என்றார். உறுத்தட்டும் என்றேன். மனுஷன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஃபோமில் மிச்சம் இருந்த துண்டுகளைத் தலையணைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

உண்மைதான். தையல் தலைமாட்டில் தொடங்கி நீளமாகக் கால்வரை போகிறது. அங்கிருந்து சாய்வாக இன்னொன்று பிரிகிறது. நான் படுத்துப் பார்த்தேன். சரியாக முதுகுத்தண்டில் படுகிறது. உங்கள் தங்கை சொல்லி அனுப்பச் சொன்னது: தையல் அவளுடையது, கணக்கு என்னுடையது, உறுத்தினால் யாரைத் திட்ட வேண்டும் என்று நீங்களே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆக, இரண்டு மாதச் சம்பளம் இனித் தேவையில்லை. ஃபோமும் துணியும் நூலும் சேர்ந்து எவ்வளவு ஆனது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், வந்து கேளுங்கள். இதுவரை சேர்த்தது பெரிய எஞ்சினுக்குப் போதாது என்பீர்கள். சின்ன எஞ்சினுக்குப் போதும். நாம் மெதுவாகவே போகலாம். எனக்கு வேகம் பயம் என்று நீங்களே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறீர்கள்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சில்வண்டு நடக்கத் தயாராகிவிட்டாள். இரண்டு கையையும் பிடித்தவள், பிறகு ஒரு கையைப் பிடித்தவள், இப்போது என் சுண்டுவிரலை மட்டும் தொட்டுக்கொண்டு கரையோரப் பலகைப் பாலத்தில் முழு நீளமும் போய் வருகிறாள். பிடிப்பதாகக்கூடச் சொல்ல முடியாது. விரல் அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். உங்கள் தங்கை கொஞ்ச தூரம் எங்கள் பின்னாலேயே வந்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

“அண்ணி, அவ உங்களைப் பிடிச்சிட்டு இல்ல. நீங்கதான் அவளைப் பிடிச்சிட்டு இருக்கீங்க. விட்டுப் பாருங்க, நடந்துருவா.”

விழுந்துவிடுவாள், தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது என்றேன். என் பயம் ஊரறிந்தது என்பதால் அவளும் நம்பிவிட்டாள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் விடாமல் இருப்பது தண்ணீருக்குப் பயந்து இல்லை. அவளுக்கு முதல் பல் வந்ததை நான் உங்களுக்கு எழுதினேன். தனியாக நிற்கத் தொடங்கியதையும் எழுதினேன். இதையும் எழுத என்னால் முடியாது.

அதனால்தான் அவசரமாகப் படகுக்குத் திரும்பி வந்தேன். உங்கள் தங்கையின் அறை பெரியது, அங்கே இருந்தால் நான் அடுப்புப் பக்கம் திரும்புவதற்குள் நடந்துவிடுவாள். இங்கே வழி குறுகல். ஒரு கை இந்த மெத்தையில், ஒரு கை அந்த மெத்தையில். காலையில் எழுந்ததும் அப்படித்தான் தாவினாள். உங்கள் பக்கத்துக் காக்கி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, ஏதோ சாதித்துவிட்டவள் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நாள் இப்படித் தள்ளிப் போட்டுவிடுவேன். ஆனால் ஆறு மாதத்துக்கு என் விரலை நம்பாதீர்கள்.

கம்பெனி ஆள் தாளை நீட்டும்போது இந்தக் கடிதம் உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்று லாரியை வேண்டிக்கொண்டு அனுப்புகிறேன். என்ன முடிவு செய்தாலும் உங்கள் நெஞ்சில் தூசி இறங்காமல், முதுகு நோகாமல் நன்றாக இருங்கள். முதுகு நோகத்தான் வேண்டும் என்றால், இங்கே வந்து உங்கள் பக்கத்தில் படுங்கள். தையல் உறுத்துகிறது என்று சொல்லுங்கள். விடியும்வரை திட்டுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விரலை நீட்டியபடி,
உங்கள் மாலுமி